அட்டெண்டர் யாரு?

தீபாவளி என்றால் பட்டாசு, பலகாரம், பட்டிமன்றம். மூன்றாவதில் தவறாமல் ஒருவர் எழுந்து, வெள்ளைக்காரன் பெற்றவர்களை முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவான், தமிழன்தான் தெய்வமாக வைத்துத் தாங்குவான் என்று முழங்குவார். கைதட்டல் மண்டபக் கூரையைப் பிளக்கும். அப்படிக் கைதட்டுகிற அண்ணாச்சியின் வீட்டில், அந்த நிமிஷத்தில், அவருடைய தெய்வத்துக்கு டயபர் மாற்றிக்கொண்டிருப்பது யார் என்று எந்த நடுவரும் கேட்பதில்லை. கேட்டால் நிகழ்ச்சி அரை மணியில் முடிந்துவிடும். விளம்பரதாரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எனக்குத் தெரிந்து தெய்வங்களைத் தாங்குவது தமிழன் அல்ல, தமிழனின் பெண்டாட்டி. அவன் தாங்குவது மைக்கை.

திண்டுக்கல் பக்கம் என் பெரியம்மா மகள் ஒருத்தி இருக்கிறாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டாள். யாரும் அவளை விடச் சொல்லவில்லை. வேறு யாரும் விடப்போவதில்லை என்பது வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரிந்திருந்ததால் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. மாமனார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மறதி நோய். மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு உள்ளறையில் இருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி அக்காவைப் பெற்றவள், என் பெரியம்மா, சர்க்கரைப் புண் ஆறாத காலோடு தனியாக இருக்கிறாள். ஆக ஐந்து பேர். ஆறாவதாக அத்தான். அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. வேளைக்குச் சோறு மட்டும் போட்டால் போதும்.

மருந்துக்கடைக்காரர் அக்காவின் குரலைப் போனில் கேட்டதும் கேட்கிற முதல் கேள்வி, "டயபர் பெருசா, சிறுசாம்மா?"

மாமியாருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறது. அந்தக் குழாயில் ஒருவேளைச் சாப்பாடு போகிற கதையைப் பட்டிமன்றக்காரர்களுக்காகவே எழுதுகிறேன். கேப்பைக் கஞ்சியைத் தண்ணியாகக் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைக்க வேண்டும். ஒரு திப்பி தங்கினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். படுத்திருப்பவரின் தலைமாட்டை உயர்த்தி, பெரிய சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, வெறும் கூட்டைக் குழாயில் செருகி, அதில் கஞ்சியை ஊற்றிக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது, தானாக இறங்கவேண்டும். இறங்கி முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். அப்புறம் அரை மணி நேரமாவது தலையைத் தாழ்த்தக் கூடாது. தாழ்த்தினால் நெஞ்சுக்குள் ஏறிவிடும். ஒருவேளைக்கு இவ்வளவு. பகலில் சில வேளைகள். இதற்கு நடுவில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்து எலும்பு தெரியும். இரண்டு மணிக்கொரு தடவை என்றால் ராத்திரியிலும்தான்.

கஞ்சி இறங்கிக்கொண்டிருக்கும்போது கைக்குழந்தை அழும். அதே நேரத்தில் தலைமையாசிரியர் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவார். கையை இறக்கினால் கஞ்சி நிற்கும், இறக்காவிட்டால் பெரியவர் பஸ் ஏறுவார். அதனால் கேட்டுக்குப் பூட்டுப் போட்டாள். தெருவே திரண்டு வந்து அவரைத் தேடியதில்லை. பூட்டைப் பார்த்ததும் தெருவே திரண்டுவிட்டது. "வாத்தியாரைப் பூட்டில்ல வச்சிருக்கா மகராசி!" வாத்தியாரும் தம் பங்குக்கு, இந்தப் பொம்பளை என் மணிபர்ஸைத் திருடிவிட்டாள் என்று கம்பிக்கு வெளியே போகிறவர்களிடமெல்லாம் புகார் கொடுப்பார். அது நோய் பேசுகிற பேச்சு என்று அக்காவுக்குத் தெரியும். கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு நிமிஷம் ஓடுகிற சந்தேகம் எந்த நோய் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

அப்புறம் பார்க்க வருகிறவர்கள். இந்தச் சாதிசனத்தை நான் மன்னிக்கவே மாட்டேன். ஒரு ஹார்லிக்ஸ், ஆறு ஆப்பிள், முகத்தில் நாலு முழத் துக்கம். குழாயில் சாப்பிடுகிறவருக்கு ஆப்பிள்! உட்கார்ந்ததும் விசாரணை தொடங்கும். "என்ன இப்படி எளைச்சிட்டாக? நேரத்துக்குக் குடுக்கிறியாம்மா?" அடுத்து வைத்தியம்: யூடியூபில் ஒரு டாக்டர் சொன்னாராம், முருங்கைக்கீரைச் சாறாம். அதற்கடுத்து ஆன்மிகம்: "பெரியவுகளப் பாக்கக் குடுத்துவச்சிருக்கணும்த்தா. புண்ணியம்." எடுத்துக்கொள்ளுங்களேன் இந்தப் புண்ணியத்தில் ஒரு ராத்திரியை என்று சொல்லிப் பாருங்கள், கடைசி பஸ் போய்விடும் என்பார்கள். போகிறபோக்கில் காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கல் என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கொழுந்தன் கனடாவில் இருக்கிறார். பாசக்காரர். அம்மா படுத்த கட்டிலுக்கு நேரே ஒரு கேமரா வாங்கி மாட்டச் சொன்னார். ஆள் வைத்துக்கொள்ளப் பணம் அனுப்பலாமே என்று கேட்டதற்கு, "வெளி ஆளை எப்படி நம்புறது மதினி?" என்றார். நம்பிக்கைக்குரிய மதினியைக் கண்காணிக்கத்தான் கேமரா. டொராண்டோவில் அவர் விழித்திருக்கும் நேரத்தில் இங்கே போன் அடிக்கும். "அம்மாவை இன்னும் திருப்பிப் போடலையே, மணியாச்சே?" மேலதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளமே கொடுக்காமல் வருகைப்பதிவு எடுக்கிறவரை இந்த வீட்டில்தான் பார்த்தேன்.

நாத்தனாரும் உண்டு. மதுரை. ஒன்றரை மணி நேரப் பயணம். ஆடிக்கொருதரம் வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது, படம் எடுத்து 'என் உயிர்' என்று ஸ்டேட்டஸ் வைத்து, தோட்டத்துத் தேங்காய்களைப் பையில் கட்டிக்கொண்டு போவார்.

இவர்களையெல்லாம்கூட விட்டுவிடலாம். அக்கா தன்னைப் பெற்றவளின் காலுக்குக் கட்டுப் போட எப்போது போகிறாள் தெரியுமா? மாமனார் மதியம் கண்ணயரும் நேரத்தில், மகளைக் காவல் வைத்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். கட்டிக்கொண்டவனின் தாய்க்கு மலம் அள்ளுவது கடமை, பெற்ற தாயின் புண்ணைக் கழுவ மட்டும் பொய் வேண்டும். கூடப் பிறந்த தம்பிகள் இரண்டு பேர், ஒருவன் சென்னை, ஒருவன் சிங்கப்பூர். இருவருக்கும் ஒரே பதில்: "நீ பக்கத்துலதானக்கா இருக்க." வீட்டுப் பத்திரம் எழுதும்போது மட்டும் இந்தப் பக்கம் தூரமாகிவிடும்.

அத்தான் நல்லவர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். குடியில்லை, அடியில்லை. "சொன்னா செய்ய மாட்டேனா?" என்று கேட்பார். செய்வார். மாத்திரை எங்கே, எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, தண்ணீர் எங்கே என்று நாலு கேள்வி கேட்டுச் செய்வார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் பேசுகிறவர் அவர். "அட்டெண்டர் யாரு?" என்று வார்டில் நர்ஸ் கத்தினால் ஓடுகிறவள் அக்கா.

ஒன்றிய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் பெண்கள் 137 நிமிஷம், ஆண்கள் 75. அந்த 75-ஐப் பார்த்து நான் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனேன். அப்புறம்தான், அந்த வேலையைச் செய்யும் ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி என்பது புரிந்தது. கையே வைக்காதவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். கணக்கிலேயே வராமல் இருப்பதுதான் அவருடைய வசதி.

சரி, அரசு என்ன செய்கிறது? நன்றாகவே செய்கிறது, பாராட்டுகிறது. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றார்கள். மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய் சொச்சம், ஏறத்தாழ ஒரு பெரிய டயபர். கோடிக்கு மேற்பட்ட பெண்கள் கையில் அந்தப் பணம் போய்ச் சேர்வதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. வீட்டு வேலை வேலைதான் என்று ஓர் அரசு வாய்விட்டுச் சொன்னதே பெரிது. ஆனால் அக்காவுக்கு அதுவும் கிடையாது. மாமனார் அரசு ஓய்வூதியர், குடும்பம் விதிக்கு வெளியே. 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் என் பெரியம்மா வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம், வயிறெரியாமல் சொல்கிறேன். கொண்டுவருகிறவரும் ஒரு பெண், தன்னார்வலர். அவர் வீட்டுப் படுக்கையில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

டெல்லியின் தாராளம் வேறு வகை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் முதியவருக்கு, எண்பது வயது ஆகும்வரை, முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றியத்தின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-லும் 200, இன்றும் 200. எழுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் விழா எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால் 5 லட்சம், வீட்டுக் கட்டிலில் படுத்தால் பூஜ்யம். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து, 'வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று டாக்டர் சொல்கிற நொடியோடு அரசின் நெஞ்சு ஈரம் காய்ந்துவிடுகிறது. டயபருக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 2025 செப்டம்பரில் அதை 5 ஆக்கிவிட்டுத் தீபாவளிப் பரிசு என்றார்கள். மாற்றுத்திறனாளியையோ தீரா நோயாளியையோ வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்குப் பழைய வருமான வரி முறையில் சின்னக் கழிவு உண்டு. புதிய முறையில் அதற்கு இடமில்லை.

வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள விடுப்பு உண்டா என்று 2025 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டார்கள். ஒன்றிய அமைச்சர் சொன்ன பதில் சிறந்த நகைச்சுவைக்கான பரிசுக்குரியது. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச்சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு இருக்கின்றன, பெற்றோரைப் பார்ப்பது உட்பட எந்தச் சொந்தக் காரணத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதாவது குற்றாலம் போக இருக்கும் லீவையே கதீட்டர் மாற்றவும் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் சில செய்திகளில் இது புதிய சலுகை போலவே தலைப்பானது. தனியார் வேலையில் இருப்பவருக்கு அந்த நகைச்சுவைகூட இல்லை.

சட்டமும் இருக்கிறது. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோட்டாட்சியரிடம் முறையிட்டால் மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம். கைவிடாதவளுக்கு என்ன என்று அந்தச் சட்டத்தை எத்தனை தடவை புரட்டினாலும் ஒன்றும் வராது. பிள்ளைகள் என்று அது சொல்லும் பட்டியலில் மகன், மகள், பேரன், பேத்தி இருக்கிறார்கள், மருமகள் இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்கிறவள் சட்டத்தின் கண்ணில் அந்த வீட்டில் குடியே இல்லை. 2019-ல் ஒரு திருத்த மசோதா அவளைச் சேர்த்தது. உரிமைக்கா? கடமையில் தவறினால் பிடித்துக் கேட்பதற்கு. அது நிறைவேறவில்லை. அவள் பெயர் சட்டத்தில் ஏற இருந்த முதல் வாய்ப்பு குற்றவாளிக் கூண்டில்.

ஆனாலும் இந்த நாட்டில் இல்லத்தரசியின் உழைப்புக்கு விலையே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. உண்டு. செத்தால் உண்டு. ஜாம்ஷெட்பூரில் 1989-ல் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் இறந்துபோன இல்லத்தரசியின் சேவைக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்புப் போட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய அட்டவணையோ, சம்பாதிக்காத மனைவி இறந்தால் புருஷன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், கைதிகள் ஆகியோரோடு ஒரே பட்டியலில் வைத்ததை 2010-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2021 ஜனவரியில் இன்னொரு விபத்து வழக்கில், 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் நிமிஷங்களை எடுத்துக்காட்டி, இந்த உழைப்புக்கு மதிப்புக் கொடுத்தே ஆகவேண்டும் என்றது. நல்ல தீர்ப்புகள்தான். குறை என்னவென்றால், தன் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அக்கா முதலில் ஒரு லாரியின் முன்னால் விழ வேண்டும். அப்போதும் காசோலை அத்தான் பெயருக்குத்தான் வரும்.

இந்த நிலையில்தான் தலைவர்கள் பிள்ளை பெறச் சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு மக்கள்தொகை முதுமையடைகிறது, இரண்டுக்கு மேல் பெறுங்கள் என்றார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் மு.க. ஸ்டாலின், தொகுதிகள் குறையும் நிலை வந்தால் பதினாறு பெற்றால்தான் என்ன என்கிற பாணியில் பேசினார். வேடிக்கைப் பேச்சு என்று தெரியும். கூட்டம் சிரித்ததும் தெரியும். நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் நாற்காலிகளை எண்ணிக் கவலைப்படுவதும் நியாயமே. அந்தப் பதினாறையும் யார் தூக்கிச் சுமப்பது, அந்த நேரத்தில் மாமியாரின் குழாயை யார் பிடிப்பது என்று மேடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பங்கு 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 ஆகும் என்பது அரசே போட்ட மதிப்பீடு. அத்தனை பேருக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்டால், ஏற்பாடு தயாராக இருக்கிறது. ஐம்பது வயசு, முட்டுவலி, தைராய்டு மாத்திரை, சொந்தப் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லை.

எனக்கு ஒரு யோசனை உண்டு. மேடையில் 'குடும்ப அமைப்பு', 'நம் பண்பாடு' என்று பேச விரும்புகிறவர், மைக்கைத் தொடுமுன் தம் வீட்டுப் படுக்கையாளியை ஏழு ராத்திரி புரட்டிப் போட்டதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றிதழ் வாங்கிவர வேண்டும். வெளிநாட்டிலிருந்து கேமரா பார்ப்பவர் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம் கட்டவேண்டும்; சினிமாவுக்குக் கட்டுகிறார், பெற்ற தாய்க்குக் கட்டக் கூடாதா? ஹார்லிக்ஸோடு வருகிறவரை உள்ளே விட்டதும் கதவைச் சாத்தி, கையில் சிரிஞ்சைக் கொடுத்துவிட வேண்டும். சொத்தைப் பிரிக்கிற பத்திரத்தில், யார் எத்தனை ராத்திரி விழித்தார் என்பதற்கும் ஒரு ஷரத்து சேர்க்க வேண்டும். பதிவுத் துறைக்கு வருமானம் கொட்டும்.

கேலிதான். கேலியில்லாமலும் சொல்லிப் பார்த்தேன். தாலுகா ஆஸ்பத்திரியில் நாலு கட்டிலை ஒதுக்கி, ஒரு வாரம் நோயாளியை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கிறவள் தூங்கி எழட்டும் என்று ஓர் அதிகாரியிடம் கேட்டேன். "அப்படி விட்டா எல்லாரும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிடுவாங்க சார்" என்றார். அரை நிமிஷத்துக்கு முன்தான், நம்ம ஊர்ல யாரும் பெத்தவங்கள விட்டுட்டுப் போகமாட்டாங்க என்று சொல்லியிருந்தார்.

போன மகளிர் தினத்துக்கு ஊரில் ஒரு சங்கத்தார் அக்காவுக்கு விருது கொடுத்தார்கள். சேவைச் செம்மலோ, தியாகச் சுடரோ, ஏதோ ஒன்று. மாலை ஐந்து மணிக்கு விழா. இரண்டு மணி நேரம் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அக்கா கேட்டாள். சங்கத்துச் செயலாளர் யோசித்தார். தலைவர் யோசித்தார். கடைசியில், "வீட்டுக்காரரை அனுப்பி வைங்கம்மா, பரவால்ல" என்றார்கள். அத்தான் வேட்டி சட்டையில் போய், மேடையில் இருந்த ஐந்து ஆண்களோடு ஆறாவதாக உட்கார்ந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு, பெற்றவர்களைத் தாங்குவது எப்படி என்று பத்து நிமிஷம் பேசினாராம். நல்ல கைதட்டலாம்.

பொன்னாடையை அக்கா தடவிப் பார்த்தாள். "பாலியஸ்டர்டா," என்றாள். "தொடைக்கக்கூட ஆகாது, உறிஞ்சாது."